ஏழு மாட்டுக்கு ஒரு காளை வேண்டுமா?

எங்கள் காளைக்கு எட்டு வயது. அஞ்சு வருடமாகக் கட்டுத்தரையில் பிறந்த கன்றுகள் அநேகமாக எல்லாம் அதற்குப் பிறந்தவைதான். அவற்றில் இரண்டு கிடாரிகள் (இன்னும் ஈனாத இளம் பசுக்கள்) போன ஆவணியில் மூன்று நாள் இடைவெளியில் பருவத்துக்கு வந்தன. மூத்தது கிளுவை வேலியோரம் நின்று விடிய விடியக் கத்தியது. காளை இந்தப் பக்கம் கயிற்றை இழுத்துக்கொண்டு தரையைப் பறித்தது. அம்மா படலைச் சாத்திவிட்டு வந்து, "அப்பனையும் பிள்ளையையும் எத்தனை நாளைக்குக் கண்ணு இப்படிப் பிரிச்சுக் கட்டுவே?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த யோசனை இது. காங்கேயம் மாட்டைக் கலப்பில்லாமல் வைத்திருக்கும் சின்னக் குடும்பங்கள் எல்லோருக்கும் அஞ்சாறு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வரும். அடுத்த காளை எது? வாங்குவதா, வளர்ப்பதா, சினை ஊசி போடுவதா, அடுத்த ஊர்க் காளைக்கு ஓட்டிப் போவதா? நாங்கள் எல்லாவற்றையும் ஒரு தடவையாவது செய்து பார்த்திருக்கிறோம். சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டோம்.

முதலில் எங்கள் நிலைமை. பன்னிரண்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல்லும் நடுவில் அங்கங்கே வெள்வேல் மரமும். பால் கொடுக்கிறது, கொடுக்காதது என்று ஏழு மாடு, அப்புறம் இந்த இரண்டு கிடாரி. ஒரு மாடு கன்று குடித்தது போக ஒன்றரை, இரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. அதனால் பாலை நம்பி இந்த இனத்தை யாரும் வைத்திருக்க முடியாது. வரவு கன்றில்தான். அதனால் கன்றுக்குத் தகப்பன் யார் என்பதுதான் எங்கள் வியாபாரமே.

இறைச்சிக்கென்றே தூய இனம் வளர்க்கும் நாடுகளில் கணக்கு வேறு. ஹெரிபோர்டு மாட்டுக்கு 1846-லும், ஆங்கஸ் மாட்டுக்கு 1862-லும் பிரிட்டனில் வம்சாவளிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். காளையின் அப்பன், பாட்டன், கன்றின் பிறப்பு எடை, ஒரு வயது எடை எல்லாம் ஏட்டில் இருக்கும். காளையாகத் தேறாத கன்றைக் காயடித்துக் கறிக்கு வளர்ப்பார்கள், அதிலும் காசு. நமக்கு இரண்டும் இல்லை. வம்சாவளி என்பது யாரோ ஒரு பெரியவர் நினைவில் இருக்கிறது. உழவும் வண்டியும் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையும் போன பிறகு, தேறாத காளைக்கன்றுக்கு அடிமாட்டு விலைதான். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தையில் நின்று பார்த்தால் தெரியும். லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகும் மாடுகளுக்கு நடுவில் நல்ல சாம்பல் நிற மயிலைக் காளைகளும் நிற்கும். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் அதை மறைத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. தேறிய கன்று இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகாளையாகவோ ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கோ ஜல்லிக்கட்டுக்கோ போகும். தேறாதது கறிக்குப் போகும். இரண்டு விலைக்கும் நடுவில் பள்ளத்தாக்கு.

பொலிகாளையைத்தான் எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்போம். புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்பதுதான் மாமாவின் முதல் யோசனை. அவருக்கு வாசலில் காளை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீடு வீடாகத் தெரியாது. அதைக் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். வளர்ந்த காளை ஐந்நூறு கிலோவுக்குக் குறையாது. அதற்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ காய்ந்த தீவனம் என்று வைத்தால், வருடத்துக்கு நாலு டன்னுக்கு மேல். எங்கள் மானாவாரிக் காட்டில் நல்ல மழை பெய்தாலும் ஏக்கருக்கு இரண்டு டன் சோளத்தட்டைத் தாண்டியதில்லை. இரண்டு ஏக்கர் விளைச்சல் காளைக்கே சரி. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தனி.

வேலை எவ்வளவு? எங்கள் மாடுகள் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் பதினைந்து மாதமாவது எடுத்துக்கொள்ளும். ஏழு மாட்டுக்கு வருடத்துக்கு அஞ்சு அல்லது ஆறு கன்று. மாட்டுக்கு இரண்டு தடவை விட்டாலும் காளைக்கு வருடத்தில் பன்னிரண்டு நாள் வேலை. மீதி 353 நாள் அது நம் செலவில் நிற்கும் கௌரவம். வாரத்துக்கு இரண்டு, மூன்று மாட்டைத் தாங்கக்கூடிய உடம்பு அது.

ஆனால் தராசின் அடுத்த தட்டையும் சொல்லிவிட வேண்டும். காளை இருக்கும் கட்டுத்தரையில் பருவம் தப்பாது. நம் மாடுகள் ஜெர்சி மாதிரி ஊரைக் கூட்டிக் கத்துவதில்லை. பாதி மாடு சத்தமே போடாது. பருவமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுவும் ராத்திரியிலேயே. நாம் பார்க்காமல் விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அதையும் விட்டால் இன்னொரு 21. காளைக்கு மூக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. இரண்டு வருடம் காளை இல்லாமல் இருந்தபோது எங்கள் கூடுகொம்பி மாடு ஒரு ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இரண்டு வருடம் இழுத்தது. ஒன்பது மாதத் தீனி வீண். தீனிச் செலவை மட்டும் பார்த்துக் காளையை விற்றுவிடுகிறவர்கள் இந்த நட்டத்தை எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

வாங்குவதாகவே முடிவு செய்தால் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணி இருக்கிறது, ஆடியில் அந்தியூர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பழையகோட்டையில் மாடு கூடுகிறது. கண்ணபுரத்தில் ஒரு காளையை அப்பாரு (எங்கள் தாத்தா) எப்படிப் பார்ப்பார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்துக்கு நேராகப் போகவே மாட்டார். முதலில் இருபது அடி தள்ளி நின்று, பிடித்திருப்பவரை நடத்திக் காட்டச் சொல்வார். முன்கால் பதிந்த தடத்தில் பின்கால் விழுகிறதா என்று தரையைப் பார்ப்பார். அப்புறம் பின்னால் போய்க் குனிவார். விதைகள் இரண்டும் ஒரே அளவா, ஒன்று மேலே ஏறியிருக்கிறதா, தோலில் வீக்கம் உண்டா. அதற்குப் பிறகுதான் திமில், அலைதாடி, கொம்பு, சுழி. கூட்டம் எல்லாம் திமிலையும் கொம்பையும் பார்த்து வாய் பிளந்து நிற்கும். அவர் மட்டும் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னங்கால் சரியில்லாத காளை மாட்டின் மேல் ஏறி நிற்காது, அவ்வளவுதான் விஷயம். கடைசியில் ஒரு கேள்வி: "இதோட தாய் இன்னும் உங்க கட்டுத்தரையில இருக்குதுங்களா?" இருக்கிறது என்றால் அந்த ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். இல்லை என்றால் பேச்சே இல்லை.

அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் கிடைப்பது குறைந்துவிட்டது. தரகர் கைமாறித் தரகர் வந்த காளைக்குத் தாய் யார் என்று எவருக்கும் தெரியாது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஜல்லிக்கட்டுக்காகக் காளை தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விலையும் ஏறியது, அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது வேகமும் சீற்றமும். கையால் தொட விடாத காளை அவர்களுக்கு உசத்தி. ஐம்பத்தெட்டு வயது அம்மா தண்ணி காட்ட வேண்டிய கட்டுத்தரைக்கு அது ஆகாது.

சொந்தக் கன்றையே காளையாக வளர்ப்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எங்களிடம் இருக்கும் காளைக்கன்றுகள் எல்லாம் இந்தக் கிடாரிகளுக்கு அண்ணன் தம்பி. அப்பனைச் சேர்த்தால் பிறக்கும் கன்றில் உறவுக்கலப்பு 25 சதவீதம். தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணனைச் சேர்த்தால் 12.5. பாதியாகக் குறைகிறது, தீரவில்லை. முதல் தலைமுறையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதுதான் இதில் உள்ள மோசம். கன்று கொஞ்சம் சின்னதாகப் பிறக்கும், சினை நிற்க இரண்டு தடவைக்கு நாலு தடவை ஆகும், நாம் மழையையும் தீனியையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சினை ஊசிக்கு வருவோம். படித்த பையன்கள் இதுதான் ஒரே வழி என்கிறார்கள், இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இதைப் பாவம் என்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஜல்லிக்கட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம்கூட, செயற்கைக் கருவூட்டலை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், மாடுகளின் இணைசேரும் உரிமையை அது பறிக்கிறது என்கிற பொருளில் சொன்னது. எங்கள் ஊர் டீக்கடையில் அது ஒரு வாரப் பேச்சு. எனக்கு இரண்டு பக்கமும் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் இரண்டு கிடாரிகளுக்கும் எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு காளையின் விந்து, காளையை ஓட்டி வராமலே வாசலுக்கு வருகிறது என்றால் அது பெரிய வசதி. காளையிலிருந்து மாட்டுக்குப் பரவும் நோய்களுக்கும் அதில் இடம் குறைவு.

சிக்கல் எங்கே என்றால் நேரத்தில். காலையில் பருவம் கண்டால் சாயங்காலம் போட வேண்டும், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. ஊசி போடுகிறவர் பைக்கில் குடுவையோடு வருவார். குடுவைக்குள் திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழியும், எங்கள் நாய் ஓடிப் போய்த் தொட்டிக்குப் பின்னால் நிற்கும். பால் குடிக்கிற டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணி கேட்பார். உறைந்த விந்து அடைத்த குச்சியை அதில் போட்டு அரை நிமிடம் எண்ணுவார். அந்த அரை நிமிடமும் முக்கியம், தண்ணியின் சூடும் முக்கியம். நம் உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். பச்சைத் தண்ணியில் கலக்கி அவசரமாகப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பறக்கிறவர்களும் உண்டு. அப்புறம் சினை நிற்காமல் மாடு மறுபடி பருவத்துக்குத் திரும்பிவிட்டது என்றால் மாட்டின் மேல் பழி.

இன்னொரு கதையும் சொல்லியாக வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் செவலைப் பசுவுக்கு ஒருவர் காங்கேயம் ஊசி என்று போட்டுவிட்டுப் போனார். கன்று பிறந்தது. செந்நிறம். காங்கேயம் கன்று பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், நாலு, அஞ்சு மாதத்தில் வெளுத்து மயிலையாகும். அதனால் யாருக்கும் சந்தேகமில்லை. நாலு மாதம் ஆயிற்று. வெளுக்கவில்லை. தாய் செவலைதானே, அதன் நிறம் இறங்கியிருக்கும் என்று அம்மா சமாதானம் சொன்னார். ஆறு மாதம் ஆயிற்று. திமில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுகூட எழவில்லை, கழுத்துக்குக் கீழே தாடி தொங்கவில்லை. கண்ணும் முகமும் ஜெர்சி மாதிரி குழிந்துகொண்டே வந்தது. எட்டாவது மாதம் பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறீங்களா?" என்று கேட்டபோதுதான் நாங்கள் வாய்விட்டு ஒத்துக்கொண்டோம்.

ஊசி கெட்டது என்று இதைச் சொல்லவில்லை. குச்சியின் மேல் காளை எண், இனம், தயாரித்த நாள், எந்த நிலையம் என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். போடுவதற்கு முன்னால் வாங்கிப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, காலிக் குச்சியையும் அன்றைய தேதி எழுதிய காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டால் இந்த ஏமாற்று நடக்காது. அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை. இன்றைக்கு அரிசி டப்பா ஒன்று நிறையக் காலிக் குச்சிகள் இருக்கின்றன. காளை எண் எழுதி வைப்பதில் இன்னொரு லாபம்: ஒரே காளையின் குச்சியைத் தாய்க்கும் பிறகு மகளுக்கும் போட்டுவிடாமல் தப்பிக்கலாம். காங்கேயத்துக்குக் கிடைக்கிற காளை எண்கள் ஜெர்சிக்குக் கிடைப்பது போலக் கை கொள்ளாமல் இல்லை, நம் பகுதிக்கு வருவது அதிலும் கொஞ்சம்.

அடுத்த ஊர்ப் பூச்சிக்காளைக்கு ஓட்டிப் போவது பழைய வழக்கம். பழையகோட்டைப் பெருநிலக்காரரான பட்டக்காரர் மந்தையிலிருந்து போன காளைகள்தான் ஒரு காலத்தில் எத்தனையோ ஊர்களுக்குத் தகப்பன். இன்றைக்கும் பேர் பெற்ற காளை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள், திரும்பினால் மறுதடவைக்குக் காசு கேட்காத பெரிய மனசுக்காரர்களும் உண்டு. தீனி நமக்கில்லை, காளையைக் கண்ணால் பார்க்கலாம், அதன் கன்றுகளையும் அதே ஊரில் பார்த்துவிடலாம். விலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பேர் பெற்ற காளைக்குத்தான் எல்லோரும் ஓட்டிப் போகிறார்கள். நாலு வருடத்தில் சுற்றுவட்டாரக் கிடாரிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று அக்கா தங்கை ஆகிவிடும். அப்புறம் எந்த ஊரில் காளை வாங்கினாலும் அது அவற்றுக்கு அண்ணன். நோயும் இருக்கிறது. புரூசெல்லா நோய் வந்த மாடு சினையின் ஏழு, எட்டு மாதத்தில் கன்றை வீசிவிடும். பல ஊர் மாடு கூடுகிற இடம் என்றால் அந்தப் பயத்தோடுதான் போக வேண்டும். காளைக்காரரிடம் ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டால் முகம் மாறும். மாறட்டும், கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் கிடாரிக் கன்றுகளுக்கு நாலிலிருந்து எட்டு மாத வயதுக்குள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அந்த வயது தாண்டினால் போடுவதில்லை. இனப்பெருக்கக் காளைகளுக்குப் பதிவு வேண்டும் என்று 2019-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. காளை வைத்திருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை, சின்னக் காளைக்காரனை ஒழிக்கவா என்று கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் காளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டாவது வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது. யாரும் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. காளையை மாற்றிக்கொள்வது. வெள்ளகோவில் பக்கம் அம்மாவின் சொந்தத்தில் ஒருவர் ஆறு மாடு வைத்திருக்கிறார். அவர் காளைக்கும் அஞ்சு வருடம் ஆகிவிட்டது, அவர் கட்டுத்தரையிலும் இரண்டு மகள்கள் கத்திக்கொண்டிருந்தன. எங்கள் காளையின் தாய் யார் என்று அவருக்குத் தெரியும், அவர் காளையின் தாய்க்கு அம்மாவே பேர் வைத்தவர். தொலைபேசியில் பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. இரண்டு காளைக்கும் ரத்தப் பரிசோதனை. இரண்டு வருடம் மாற்றிக்கொள்வது, காளை செத்தாலோ ஊனமானாலோ இன்ன விலை என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது. சொந்தம் என்பதற்காக இதை எழுதாமல் விட்டால் பின்னால் சொந்தமும் போகும், காளையும் போகும்.

ஒரே கஷ்டம் மாமா. "நம்ம காளைய வெளியில கட்டறதா?" என்று இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பிறகு வண்டி வந்தபோது அவர்தான் கூடவே ஏறி உட்கார்ந்து போனார். வெள்ளகோவிலில் இறக்கிக் கட்டிவிட்டு, ராத்திரி அங்கேயே படுத்திருந்து, மறுநாள் அவர்கள் காளையோடு வந்து சேர்ந்தார்.

ஆக, நாங்கள் இப்போது செய்வது இது. கிடாரிகளுக்கும் பெரும்பாலான மாடுகளுக்கும் மாற்றி வந்த காளை. நன்றாகக் கத்திப் பருவம் காட்டுகிற இரண்டு மாடுகளுக்கு, எண் பார்த்து, தூரத்துக் காளையின் ஊசி. அவற்றில் காளைக்கன்று பிறந்து தேறினால் அதுதான் எங்கள் அடுத்த பூச்சிக்காளை, அதற்கு எங்கள் கட்டுத்தரையில் தகப்பன் வழிச் சொந்தம் இருக்காது. இருபத்தைந்து மாடு இருந்தால் நானும் மாமா பக்கம் சேர்ந்து காளை வாங்கச் சொல்வேன். இரண்டே மாடு இருக்கிறவர்கள் காளையைப் பற்றி நினைக்கவே வேண்டாம், நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டு ஊசிக்காரரோடு நேரத்துக்குச் சண்டை போடக் கற்றுக்கொண்டால் போதும்.

மூத்த கிடாரியை ஐப்பசி மூன்றாம் தேதி புதுக்காளைக்கு விட்டோம், இளையதை ஏழாம் தேதி. நாட்காட்டியில் 21 நாள் எண்ணி அம்மா இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டார். முதல் வட்டத்தன்று மூத்தது வேலியோரம் போகாமல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது வட்டத்தன்று, விடியற்காலை நாலு மணிக்கே, இளையது கத்த ஆரம்பித்துவிட்டது.